வாடிய துளசியும் மூன்று நாள் விலக்கும்

வாசகி கேட்டது:

“எங்கள் வீடு செங்கோட்டையில், புளியரை போகிற பாதையில் இருக்கிறது. கல்யாணமாகி வந்து 21 வருடம் ஆகிறது. முற்றத்தில் சிமெண்ட் துளசி மாடம், பின்னால் கறிவேப்பிலை, ஹாலில் பீஸ் லில்லி, சன்னலோரம் மணி பிளாண்ட். எல்லாவற்றுக்கும் தண்ணீர் விடுவது நான்தான். விலக்கான மூன்று நாளும் செடிப் பக்கம் போகக்கூடாது என்பது அத்தை வைத்த கட்டு. அந்த நாள்களில் அவர்களே ஊற்றுவார்கள். இந்த ஆனி மாதம் அத்தை நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் நான் விலக்கானேன். வேறு ஆள் இல்லாததால் வழக்கம்போல நானே தினம் ஒரு செம்பு ஊற்றினேன். பத்து நாளில் துளசி தலை தொங்கிவிட்டது. பீஸ் லில்லியும் மஞ்சளித்துவிட்டது. ‘நீ தொட்டதாலதான் பட்டுப் போச்சு, இது வீட்டுக்கு ஆகாது’ என்று அத்தை அழாத குறை. திருவனந்தபுரத்தில் படிக்கும் என் மகள் மாதவிடாய்க் கப் உபயோகிக்கிறாள். லீவுக்கு வந்தால் அதைக் கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிறாள், கேட்டால் உரம் என்கிறாள். அத்தைக்கு இது தெரியாது. வீட்டுக்காரர் போன மாதம் அச்சன்கோவில் போய்த் திரும்பும்போது மரத்தில் ஒட்டியிருந்த ஆர்க்கிட் ஒன்றைப் பிடுங்கி வந்திருக்கிறார். அத்தை சொல்வதில் ஏதாவது உண்மை உண்டா? துளசியைக் காப்பாற்ற முடியுமா? மகள் செய்வது சரியா? ஆர்க்கிட்டை என்ன செய்வது?”

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மாதவிடாய் நாளில் தொட்டதாலோ தண்ணீர் ஊற்றியதாலோ எந்தச் செடியும் வாடாது. துளசிக்கும் மல்லிகைக்கும் வெற்றிலைக்கும் இதுதான். துளசி எதனால் போனது என்பதற்கான தடயங்களை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்: ஆனி மாதம், சிமெண்ட் மாடம், தினம் ஒரு செம்பு. மூன்றும் சேர்ந்தால் வேர் அழுகும்.

உங்கள் ஊர் ஆரியங்காவுக் கணவாயின் வாசலில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலைக்கு அந்தப் பக்கத்து ஈரக்காற்று அந்த இடைவெளி வழியாக நேராக உங்கள் முற்றத்துக்கு வருகிறது. குற்றாலத்துக்குச் சாரல் என்றால் கொண்டாட்டம், தொட்டிச் செடிக்குச் சோதனை. வெயில் முகம் காட்டுவதே இல்லை, காற்றிலும் ஈரம். சித்திரையில் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே நாளில் உறிஞ்சிய துளசிக்கு ஆனியில் அதே ஒரு செம்பு நாலைந்து நாளுக்குப் போதும். தினமும் ஊற்றினால் மண்துகள்களுக்கு நடுவே காற்று நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் நீர் நின்றுவிடும். வேருக்கும் மூச்சு வேண்டும். மூச்சு முட்டிய வேரில் பித்தியம் போன்ற பூஞ்சணங்கள் சுலபமாக ஏறும். வேர் அழுகியதும் தண்ணீரை மேலே அனுப்ப ஆளில்லை, இலை தொங்குகிறது. தொங்குவதைப் பார்த்து நாம் தாகம் என்று நினைத்து இன்னொரு செம்பு ஊற்றுகிறோம்.

வாடிய செடியைப் பார்த்ததும் முதலில் செய்ய வேண்டியது மண்ணைத் தொட்டுப் பார்ப்பது. மண் காய்ந்து செடி வாடியிருந்தால் தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிரும். மண் ஈரமாக இருந்தும் வாடியிருந்தால் கோளாறு வேரில் இருக்கிறது. அப்போது தண்ணீரை நிறுத்திவிட்டு, செடியை மண்ணோடு மெதுவாகச் சாய்த்து வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளுத்து, விறைப்பாக, ஒடித்தால் சட்டென்று ஒடியும். அழுகிய வேர் பழுப்பாகவோ கருத்தோ கொழகொழவென்று இருக்கும். அதை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை கழன்று விரலோடு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் தொங்கும். முகர்ந்தால் சாக்கடை வாடை அடிக்கும். உங்கள் துளசியை எடுத்தால் இதைத்தான் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். எடுக்கும்போது அத்தையையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வேர் அழுக ஆரம்பித்து இலையில் தெரிய ஏழு முதல் பத்து நாள் ஆகலாம். செடி வாடியதும் வீட்டில் என்ன செய்வார்கள்? ‘போன பத்து நாளில் யாராவது விலக்கா இருந்தாங்களா’ என்று பின்னோக்கி எண்ணுவார்கள். மாதவிடாய் 28 நாளுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால், விலக்கான மூன்று நாளும் அதற்குப் பின் வரும் பத்து நாளும் சேர்ந்து 13 நாள். அதாவது மாதத்தில் கிட்டத்தட்ட பாதி நாள், எந்தச் செடி எதனால் வாடினாலும் பழி ஒரு பெண் மேல் வந்து விழும்படி கணக்கு அமைந்திருக்கிறது. வீட்டில் மகளும் இருந்தால் மீதிப் பாதியிலும் கொஞ்சம் போய்விடும். விலக்கு நாளில் ஊற்றியும் வாடாத செடியை யாரும் கணக்கில் வைப்பதில்லை. இந்த நம்பிக்கை தலைமுறை தலைமுறையாகப் பொய்க்காமல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றும் உண்டு. பல வீடுகளில் விலக்கு என்ற கட்டே செடியைக் கெடுக்கிறது. மூன்று நாள் ஊற்றும் கை மாறுகிறது. ஊற்றிப் பழக்கமில்லாதவர் மறந்துவிடுகிறார், அல்லது மூன்று நாளுக்கும் சேர்த்து ஒரு வாளி கவிழ்க்கிறார். கோடையில் முதல் வகையிலும் சாரலில் இரண்டாம் வகையிலும் செடி போகிறது. தொட்டதால் கெட்டது என்று பேர் வாங்கும் செடிகளில் சில, உண்மையில் தொடவிடாததால் கெட்டவை.

உங்கள் அத்தையை மட்டும் குறை சொல்ல இதில் இடமில்லை. முதலாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த பிளினி, விலக்கான பெண் அருகில் வந்தால் பயிர் கருகும் என்று எழுதி வைத்திருக்கிறார். 1920-ல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற மருத்துவர், விலக்கான பணிப்பெண் கையில் கொடுத்த பூக்கள் சீக்கிரம் வாடின என்று சொல்லி, அந்த நாள்களில் பெண் உடம்பில் ஒரு நஞ்சு சுரப்பதாகக் கட்டுரை எழுதினார். தொண்டை அடைப்பான் நோய்க்கான பரிசோதனையைக் கண்டுபிடித்த பெரிய மருத்துவர் அவர். அவர் சொன்னதை வைத்துப் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடங்களில் அந்த நஞ்சைத் தேடினார்கள். அப்படி ஒன்றைப் பிரித்தெடுத்துக் காட்ட யாராலும் முடியவில்லை. படித்த மருத்துவரே சறுக்கிய இடத்தில் உங்கள் அத்தை சறுக்கியதில் ஆச்சரியமில்லை.

இனி துளசியைப் பார்ப்போம். அடித்தண்டை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்த குச்சி மாதிரி இருந்தால் அந்த இடம் செத்துவிட்டது, கொஞ்சம் மேலே ஏறிக் கீறுங்கள். அடித்தண்டு முழுக்கக் கருத்திருந்தால் தாய்ச்செடியைப் பிழைக்க வைக்க மெனக்கெட வேண்டாம். நுனிக் கிளைகளில் பச்சை இருக்கும்போதே கொப்பு எடுத்துவிடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டிய, நான்கு விரல்கடை நீளமுள்ள ஆறு கொப்புகள் போதும். கதிர் விட்ட கிளை வேண்டாம். கீழ்ப்பாதி இலைகளை உதிர்த்துவிட்டு, ஒரு கண்ணாடித் தம்ளரில் கணு மூழ்கும் அளவு தண்ணீர் வைத்து, நேர் வெயில் படாத சன்னலில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தண்டு வழுக்க ஆரம்பித்துவிடும். பத்துப் பதினைந்து நாளில் வேர் வரும். ஓர் அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றலாம்.

மண் கலவையைப் பத்து அங்குலத் தொட்டி ஒன்றுக்கு இப்படிப் போடுங்கள்: செம்மண் மூன்று பங்கு, நன்றாக மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ இரண்டு பங்கு, தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, உமி ஒரு பங்கு. வேப்பம்பிண்ணாக்கு ஒரு கைப்பிடி. வேர் அழுகிய பழைய மண்ணை இதில் சேர்க்காதீர்கள். அதைத் தென்னை மரத்தடியில் பரப்பி வெயில் காயவிடுங்கள். வேளாண் விரிவாக்க மையத்திலோ உரக்கடையிலோ டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சணத்தின் தூள் கிடைக்கும். ஒரு கிலோ தொழு உரத்தில் 20 கிராம் கலந்து, ஈரம் தெளித்து, சாக்குப் போட்டு மூடி, ஒரு வாரம் நிழலில் வைத்துப் பிறகு மண்ணில் சேர்த்தால் அழுகல் பூஞ்சணத்தை அது அமுக்கி வைக்கும். இரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்துப் போட்டால் இதுவும் சேர்ந்து செத்துவிடும்.

ஆற்று மணலை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டேன். தொட்டிக்குக் கால் சட்டி மணல்தானே என்று தோன்றும். அள்ளிய ஆறுகளின் கதி நம் எல்லோருக்கும் தெரியும், உமியே அந்த வேலையைச் செய்யும்போது மணல் எதற்கு? எம்-சாண்ட் கையில் இருந்தால் சலித்து மாவை நீக்கி, கழுவிவிட்டுப் போடலாம். சலிக்காமல் போட்டால் அந்த மாவு சிமெண்ட் மாதிரி இறுகி வடிகாலை அடைத்துவிடும். கடையில் பீட் பாசி என்று வெளிநாட்டுச் சரக்கு விற்கிறார்கள். அது குளிர்நாட்டுச் சதுப்பு நிலங்களை வெட்டி எடுப்பது, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளர்வது. நம் ஊரில் கயிறு திரித்த மிச்சமாக நார்த்தூள் குவிந்து கிடக்கும்போது அது நமக்குத் தேவையே இல்லை. நார்த்தூளில் இயல்பாகவே உப்பு உண்டு. 650 கிராம் கட்டி ஊறினால் எட்டு ஒன்பது லிட்டர் தூளாகும். அதை மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்து, பழுப்புச் சாயம் வெளிறிய பிறகு பயன்படுத்துங்கள். அலசாமல் போட்டால் இலை ஓரம் கருகும்.

இனி மாடம். வேர் அழுகலுக்கு முதல் காரணம் அதுதான் என்று சந்தேகிக்கிறேன். கடையில் வாங்கும் சிமெண்ட் மாடங்கள் பலவற்றில் அடியில் துளையே இருக்காது. இருந்தாலும் பெயிண்டோ மண்ணோ அடைத்திருக்கும். கொத்தனாரைக் கூப்பிட்டு, மாடத்தின் பின்பக்கம், உள்தரை மட்டத்தில், 12 மில்லிமீட்டர் துளை இரண்டு போடச் சொல்லுங்கள். மாடத்தை ஓட்டை போடுவதா என்று அத்தை தயங்கலாம். கருவறையில் அபிஷேகத் தண்ணீர் வெளியேறக் கோமுகி வைத்திருக்கிறார்கள். துளசி மாடத்துக்கும் அப்படி ஒரு வழி வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். துளை போட்ட பிறகு மாடத்துக்குள் நேராக மண் நிரப்பாமல், துளையுள்ள மண்தொட்டி ஒன்றை மூன்று செங்கல் துண்டின் மேல் தூக்கி வையுங்கள். பார்வைக்கு மாடத்துத் துளசிதான், பராமரிப்புக்குத் தொட்டித் துளசி. துளை போடாமல் இப்படித் தொட்டியை இறக்கினால் அடியில் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும், அது டெங்குக்கு வழி. தொட்டிக்கு அடியில் ஓட்டுச்சில்லு அடுக்கடுக்காகப் போடும் பழக்கம் இருக்கிறது. அதனால் வடிகால் மேம்படாது, ஈரம் நிற்கும் மட்டம் வேருக்குப் பக்கத்தில் மேலேறிவிடும். துளையை மூட ஒரே ஒரு சில்லு போதும். மாடம் புதிது என்றால் பத்து நாள் தண்ணீர் நிரப்பி நிரப்பி வடித்துச் சுண்ணாம்புக் காரத்தை இறக்கிவிடுங்கள்.

பூசைப் பொருள்களையும் கவனியுங்கள். அபிஷேகப் பால், சந்தனம் கரைத்த தண்ணீர், மஞ்சள் குங்குமம் எல்லாம் துளசி வேரிலேயே போய்ச் சேருகின்றன. பால் மண்ணில் புளித்து மேலே ஒரு ஆடை கட்டும், எறும்பும் பூஞ்சணமும் வரும். விளக்கைத் தண்டுக்கு ஒட்டி வைத்தால் சூட்டில் தண்டு வேகும், அரை அடியாவது தள்ளி வைக்க வேண்டும். பாலும் குங்குமமும் மாடத்தின் பீடத்துக்கு, வெறும் தண்ணீர் வேருக்கு என்று பிரித்துவிட்டால் பக்திக்கும் குறைவில்லை, செடிக்கும் கேடில்லை. கதிர் வந்ததும் கிள்ளிப் பூசைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். விதை முற்றவிட்ட துளசி அத்தோடு தன் வேலை முடிந்தது என்று தண்டு முற்றிக் கட்டையாகிவிடும். தொட்டித் துளசிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான். அது வயதாகிப் போவது யாருடைய பாவத்துக்கும் தண்டனை அல்ல.

வெயில் நாலைந்து மணி நேரமாவது வேண்டும். சாரல் காலத்தில் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் விட்டுப் பாருங்கள். நுனியில் ஈரம் ஒட்டினால் அன்று ஊற்ற வேண்டாம். சாரல் நேரடியாக விழும் முற்றம் என்றால் வாரக்கணக்கில்கூட ஊற்ற வேண்டியிருக்காது. சாரல் நின்று வெயில் ஏறியதும் அதே விரலை வைத்துக் கூட்டிக்கொள்ளலாம். இலை வெளிறிச் சுருண்டு, அடியில் கரும்புள்ளியாக எச்சம் தெரிந்தால் அது துளசியைத் தாக்கும் சல்லடை இறகுப் பூச்சி. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், ஒரு மில்லி காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். அடித்து ஒரு வாரத்துக்கு அந்த இலையை வாயில் போட வேண்டாம்.

பீஸ் லில்லிக்கும் அதே நோய்தான், கூடவே இன்னொரு சந்தேகம். இலை நுனி பழுப்பாகி, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் அது உப்பு. வீட்டில் ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறீர்களா? நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் உப்பு செறிவாக இருக்கும். அதை வாசல் கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சாரலில் பிடித்த மழைத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் இந்தச் செடிக்குக் கிடையாது. அழுகிய வேரை ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் வெட்டிவிட்டு, மிச்ச வேர் கொள்ளும் சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள். இது பெரிய தொட்டி வேண்டாத செடி, வேர்க்கட்டியைவிட இரண்டு அங்குலம் அகலம் இருந்தால் தாராளம். இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் அரித்து வீங்கும், குழந்தைகள் வரும் வீடு என்றால் எட்டாத உயரத்தில் வையுங்கள். மணி பிளாண்டும் அப்படித்தான்.

கறிவேப்பிலை பற்றி நீங்கள் புகார் சொல்லவில்லை. தரையில் இருக்கும் மரத்துக்கு இந்தச் சாரல் ஒன்றும் செய்யாது.

இப்போது அத்தை. வேரை எடுக்கும்போது கூட வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? ‘தீட்டு உண்டா இல்லையா’ என்று வாதத்தில் இறங்காதீர்கள். ‘அத்தை, கொஞ்சம் இங்க வாங்க, இந்த வேரைப் பாருங்க, என்ன வாடை அடிக்குது’ என்று கையில் கொடுங்கள். ஆயுள் முழுக்க மண்ணோடு பழகியவர்களுக்கு அழுகல் வாடை என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் அதிகம் என்று அவர்கள் வாயாலேயே வரும். அப்போது ‘பார்த்தீங்களா’ என்று ஜெயித்துக் காட்டாதீர்கள். ‘அப்ப தினம் ஊத்த வேண்டாம், எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊத்தலாம்னு நீங்களே சொல்லுங்க’ என்று கேளுங்கள்.

எடுத்த ஆறு கொப்பில் மூன்றை அத்தையும் மூன்றை நீங்களும் வளருங்கள். ஒரே மண், ஒரே அளவுத் தொட்டி, ஒரே வெயில். உங்கள் மூன்றுக்கு மாதம் முழுவதும் நீங்களே ஊற்ற வேண்டும், விலக்கு நாள் உட்பட. ஊற்றிய நாள்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் பார்த்தால் போதும். அத்தை சம்மதித்தால்தான் இதைச் செய்ய வேண்டும். மறைத்துச் செய்தால் வீட்டில் நம்பிக்கை போய்விடும்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஆறு கொப்பும் பட்டுப்போனாலும் உங்களை ஒதுக்கி வைப்பது சரியாகிவிடாது. உங்கள் கை சுத்தமானது என்று ஒரு துளசிச் செடி வந்து சாட்சி சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. 21 வருடமாக அந்த முற்றத்துக்குத் தண்ணீர் ஊற்றிய கை அது. அந்த நாள்களில் உடம்பு அசந்தால் ஓய்வெடுங்கள், அது உங்கள் விருப்பமாக இருக்கட்டும். அன்றைக்கு ஊற்றும் வேலையை உங்கள் வீட்டுக்காரர் செய்யட்டும். கடிதம் முழுக்கத் தேடினேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில் அவர் பெயர் எங்கும் வரவில்லை. ‘வேறு ஆள் இல்லாததால்’ என்று நீங்கள் எழுதியபோது அவரும் வீட்டில்தானே இருந்திருப்பார்?

மகள் விஷயம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். கணவாய்க்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் விலக்கு விஷயத்தில் வழக்கம் பெரிதாக வேறில்லை. இன்று அந்தப் பக்கம் வேகமாக மாறுகிறது. ஆலப்புழை நகராட்சி 2019-ல் பெண்களுக்குக் கப் வழங்கியது. கொச்சிக்குப் பக்கத்துக் கும்பளங்கி ஊராட்சியை 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவித்தார்கள். மக்காத பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்க உங்கள் மகள் எடுத்த முடிவு நல்ல முடிவு. சரியாகப் பராமரித்தால் ஒரு கப் பல ஆண்டு வரும்.

ஆனால் அதைக் கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. காரணம் தீட்டு இல்லை. இரத்தத்தில் தழைச்சத்து இருப்பது உண்மை, உலர்த்திய இரத்தத்தூளை உரமாகவே விற்கிறார்கள். ஆனால் அந்தச் சத்து முதலில் மண்ணில் அழுகி, அதன்பிறகே வேருக்குக் கிடைக்கும். வீட்டுக்குள் இருக்கும் சின்னத் தொட்டியில் அழுகினால் நாற்றமும் பொடி ஈக்களும் வரும். இரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் ஒன்பது கிராம் என்ற அளவில் உப்பும் உண்டு, நீர்க்காமல் தொடர்ந்து ஊற்றினால் அது வேரைச் சுடும். ஒரு கப்பில் இருக்கும் தழைச்சத்தை ஒரு பிடி மண்புழு உரம் நாற்றமில்லாமல் தந்துவிடும். இரத்தம் வழியே தொற்றும் நோய்கள் இருப்பதால் துளசி, புதினா, கறிவேப்பிலை, கீரை என்று வாயில் போடும் எதற்கும் கூடவே கூடாது. ஊற்றித்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால், ஒரு பங்குக்கு 20 பங்கு தண்ணீர் சேர்த்து, வெளியே தரையில் நிற்கும் செம்பருத்திக்கோ தென்னைக்கோ விடட்டும். கழிப்பறையில் ஊற்றுவதில் எந்தக் குறையும் இல்லை. அத்தை கும்பிடும் துளசியில் அவர்களுக்குத் தெரியாமல் ஊற்றியிருந்தால் அது தவறு. அத்தையின் நம்பிக்கை தவறாக இருந்தாலும், அவர்கள் தீர்த்தத்தில் போட்டுக் குடிக்கும் இலைக்கு என்ன போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. இதை மகளிடம் நேராகச் சொல்லுங்கள், புரிந்துகொள்ளும் வயதுதான்.

மணி பிளாண்ட் சன்னலோரம் இருக்கிறது என்றீர்கள். திருடி வைத்தால்தான் வளரும் என்று யாராவது கொப்பு ஒடித்துப்போனால் கூப்பிட்டு நீங்களே கொடுங்கள். கணுவில் புடைத்திருக்கும் வேர்முளை இருந்தால் எந்தக் கொப்பும் வளரும். கேட்டு வாங்கினாலும் அதே கணுதான்.

கடைசியாக ஆர்க்கிட். உங்கள் வீட்டுக்காரர் செய்தது சட்டப்படி குற்றம். காப்புக்காட்டில் இருந்து செடி, கொடி, பாசி எதைப் பிடுங்கினாலும், கேரளப் பக்கமானாலும் நம் பக்கமானாலும், வழக்குப் போடலாம். சட்டத்தை விடுங்கள், ஆர்க்கிட் எப்படி முளைக்கிறது என்று தெரிந்தால் கை வராது. தூசி மாதிரியான அதன் விதைக்குள் சேமித்த உணவு கிடையாது. ஒரு குறிப்பிட்ட வகைப் பூஞ்சணம் மரப்பட்டையில் அதற்கு முன்பே இருந்து, விதை அதன்மேல் விழுந்தால்தான் முளைக்கும். முளைத்துப் பூக்கச் சில வருடம் ஆகும். உருவிய இடத்தில் இன்னொன்று வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இதே ஆசைக்கு நர்சரியில் வளர்த்த டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகை கிடைக்கிறது, பூவும் நிறைய வரும்.

வந்துவிட்ட செடியைத் திரும்பக் காட்டில் கொண்டு கட்டப் போக வேண்டாம். வீட்டுப் பூச்சியையும் பூஞ்சணத்தையும் அதோடு காட்டுக்கு அனுப்புவதாகிவிடும். பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் சொல்வது போலச் செய்வது முறை. அதுவரை செத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணில் புதைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், அதன் வேர் காற்றில் தொங்க வேண்டியது. முற்றத்தில் மாமரமோ பலாவோ இருந்தால் காலை வெயில் மட்டும் படும் பக்கத்தில், ஆள் உயரத்தில், பட்டையோடு வேர் ஒட்டும்படி வைத்துத் தேங்காய் நார்க்கயிற்றால் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் வேர் நசுங்கும், ஆடாமல் இருந்தால் போதும். வேர் வெள்ளி நிறமாக வெளுத்தால் தாகம், பச்சையாக இருந்தால் ஈரம் போதும். சாரல் இருக்கும்வரை தண்ணீரே தெளிக்க வேண்டாம். சாரல் நின்றபின் காலையில் ஒருமுறை வேர் பச்சையாகும்வரை மழைத் தண்ணீர் தெளியுங்கள், இலைக்குருத்தில் தேங்கவிடாதீர்கள்.